மூணு ஆள் வேலை

"பாரு, ரத்தத்துல அமிலம் நார்மல்னு போட்டிருக்கு!" என்று கணவன் ரிப்போர்ட்டை அவள் மடியில் போடுகிறான். திறக்காத ஜன்னலின் பால்கண்ணாடி வழியே வெளுத்த வெளிச்சம் விழுகிறது. மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று இடறுகிறது. "நார்மல்தான்," என்கிறார் டாக்டர். "ஆனா சிறுநீரகத்துல மூணுல ரெண்டு பங்கு வடிகட்டிங்க போயாச்சும்மா. மிச்சம் இருக்கறது ஒவ்வொண்ணும் மூணு ஆள் வேலை பாக்குது. அம்மோனியாவை அதிகமா உண்டாக்கி, அதோட சேர்த்து அமிலத்தை வெளியே தள்ளுது. அந்த அம்மோனியாவே மிச்சம் இருக்கறதையும் அரிக்கும். இந்த சோடா மாத்திரை அமிலத்தைத் தணிச்சு சுமையைக் கொஞ்சம் குறைக்கும்." கணவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவளுக்குப் புரிகிறது. அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் எட்டுப் பேர் இஸ்திரி போட்ட மேஜையில் இப்போது மூன்றே பேர். துணி நேரத்துக்குப் போய்விடுவதால் முதலாளி புது ஆள் தேடவேயில்லை. பையில் போன் அதிர்கிறது. சூப்பர்வைசர். "அக்கா, இன்னைக்கு இன்னொருத்தியும் வேலைய விட்டு நின்னுட்டா. டாக்டர் என்ன சொன்னாரு?" இஸ்திரிச் சூட்டில் காய்த்த விரல்கள் ரிப்போர்ட்டை நான்காக மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்கின்றன. "நார்மலாம்," என்கிறாள். "வந்துடறேன்."