ஆறும் ஒண்ணும்

விமர்சகர் அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பத்திரிகை அலுவலகத்து லிஃப்டில்.

கிதார் பையை முதுகில் மாட்டியிருந்தான். அவனுடைய ஆல்பத்தை அந்த வாரம்தான் அவர் தன் பத்தியில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மழைன்னு சொன்னா குடியா முழுகிப்போயிடும்? 'மேல இருந்து வந்த தண்ணி'யாம்! மாடியில குழாய் ஒடைஞ்சிடுச்சா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நமக்கு வார்த்தை கம்மி சார். நீங்க எழுதினது சரிதான்."

லிஃப்ட் நின்றது. "வரேன் சார்" என்று இறங்கிப் போனான். அடுத்த மாதம் பைக்கில் போனவன் வீடு திரும்பவில்லை.

எந்தக் கம்பெனியும் தொடாததால் நண்பர்கள் சேர்ந்து சொந்தமாகப் போட்ட ராக் ஆல்பம் அது. அவன் எழுதினான். அவன் தங்கை பாடினாள். பேர் 'ஆறும் ஒண்ணும்'. ஏழு மணி பஸ்ஸைத் தவறவிட்டவனின் கதை.

'ஏழு என்று சொல்ல இத்தனை சுற்றா? இது கவிதை இல்லை, வார்த்தைப் பஞ்சம்' என்று விமர்சகர் எழுதியிருந்தார்.

ரசிகர்கள் விடுவார்களா? ஆறு என்றால் நதி, ஒண்ணு என்றால் கரையில் தனியாக நிற்கிறவன் என்று பொருள் சொன்னார்கள். அந்த இரண்டு சொல்லையும் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள்.

'நிழலை, தரையில படுத்துக்கிட்டே கூட வர்றவன்னு சொல்லியிருக்கான். இதெல்லாம் உனக்கு எங்க புரியப்போவுது பெருசு' என்று அவருக்குத் தினமும் அர்ச்சனை நடந்தது.

இப்போது ஒரு கம்பெனி அந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட முன்வந்தது. அட்டையில் போட ஒரு குறிப்பு வேண்டும், அதை விமர்சகர்தான் எழுத வேண்டும் என்று கேட்டவள் தங்கை.

போனார். கருத்தை மாற்றிக்கொள்ளும் எண்ணமில்லை. எழுதியவன் செத்துவிட்டான் என்பதற்காகப் பாட்டு நல்ல பாட்டாகிவிடாது.

மூன்றாவது மாடி. ஆம்ப்ளிஃபயர் மேல் துவைத்த துணிகளை மடித்து வைத்திருந்தாள். பேட்டி என்றால் அண்ணனை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றவள், இப்போதுதான் அவரிடம் முதல்முறையாகப் பேசுகிறாள்.

"அண்ணனைத் திட்டினதுல வருத்தம் இல்ல சார். பஞ்சம்னு சொன்னீங்க பாருங்க, அதான். இன்னிக்கும் அண்ணன் பேரை எடுத்தா அந்த ஒரு வார்த்தையத்தான் சொல்றாங்க."

"பாட்டுல இருந்ததத்தான்மா சொன்னேன்."

"எனக்கு அப்படித் தெரியல சார். ஸ்கூல்ல என்னை மேடை ஏத்தவே மாட்டாங்க. நான் வாயைத் தொறந்தா பசங்க உருண்டு பொரண்டு சிரிப்பாங்க. ஆனா அண்ணன் பாட்டுல மட்டும் என் நாக்கு ஒரு தடவைகூடத் தடுமாறினதில்ல. எப்படின்னு எனக்கே தெரியல. ராசி போல."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பார்க்கலாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மயை பிடிச்சுக்கிச்சு. கீயே தண்ணி தேங்கிடும். கொஞ்சம் இருந்துட்டுப் போங்க சார்."

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மயை. கீயே. அவள் நாக்குக்கு 'ழ' வராது.

ஒவ்வொரு பாட்டாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். மழை இல்லை. நிழல் இல்லை. ஏழு இல்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் 'முகம் நனையுது' என்றுதான் இருந்தது. ஆல்பம் முழுக்கத் தேடினாலும் அந்த எழுத்து இல்லை.

தங்கையைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது என்று ஒருவன் ஒரு எழுத்தையே நாடு கடத்தியிருக்கிறான். அதற்காக வந்த கெட்ட பேரைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. உங்க அண்ணன் பாட்டை இப்பத்தான் கேக்கறேன்."

"நீங்க தர்றத மேடையில நான்தான் படிக்கணுமாம் சார். அதை நெனச்சாத்தான் உதறுது."

விமர்சகர் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தார். 'அழகு' என்று தொடங்கினார், அடித்தார். 'ஆழம்' என்றார், அடித்தார். மொழி, எழுத்து, வாழ்க்கை, புகழ்... இத்தனை வருஷம் அவர் பிழைப்பை ஓட்டிய சொற்களெல்லாம் வரிசையாகக் கையை விரித்தன. அரைப் பக்கத்துக்கே அவருக்கு நாக்குத் தள்ளியது.

இந்தக் கட்டோடு ஒரு ஆல்பம் முழுக்க எழுதியிருக்கிறான். அதையும் ஊர் தன் கையில் பச்சை குத்திக்கொள்கிற மாதிரி எழுதியிருக்கிறான்!

'இவனுக்குச் சொற்பஞ்சம் என்றேன். தவறு என்னுடையது. இத்தனை சொல்வளம் நான் யாரிடமும் கண்டதில்லை' என்று ஆரம்பித்தது குறிப்பு.

வெளியீட்டு விழாவில் அவள் படித்தாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாளே ஒரு ரசிகர் கண்டுபிடித்துவிட்டார். 'அரைப் பக்கம் எழுதியிருக்காரு, தமிழ்ங்கற வார்த்தை ஒரு இடத்துலயாவது வருதா பாருங்க. இவருக்கெல்லாம் மொழிப்பற்று இருந்தாத்தானே!'

அதற்குக் கீழே வசவுகள் சேர்ந்துகொண்டே போயின. விமர்சகர் எதற்கும் பதில் போடவில்லை.

ஆல்பத்தின் கடைசியில், பாட்டெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் குறிப்பை அவள் ஓரிடத்திலும் தடுமாறாமல் படித்த பதிவு இருக்கிறது.