பிரிஜித்தம்மாள் விரட்டிய புலி

“இந்தா பாருங்க, அயர்லாந்துல இருந்து அந்தப் பொண்ணு வாரா. உங்க புளுகு மூட்டையை அவுத்தீங்க, சொந்தமே வேணாம்னு ஓடிருவா!” என்று கணவரை எச்சரித்தாள் லூர்தம்மாள்.

ஞானப்பிரகாசம் வாயைப் பூட்டிக்கொண்டார்.

அவருடைய அப்பத்தா பிரிஜித்தம்மாள், அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்து திண்டுக்கல் பக்கம் அகரத்துக் கரட்டு நிலத்தில் கிணறு வெட்டி, வெள்ளாமை பார்த்தவள். அவளுடைய மூத்த மகன் மட்டும் அயர்லாந்துக்கே திரும்பிவிட்டார். அவருடைய பேத்தி நோராதான் இப்போது சொந்தங்களைத் தேடி திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள்.

“பிரிஜித் எப்படிப்பட்டவங்க?” நோரா ஆங்கிலத்தில் கேட்டதை லூர்தம்மாள் தமிழில் சொன்னாள்.

“வந்தாங்க. வெங்காயம் போட்டாங்க. வயசாகிப் போய்ச் சேந்தாங்க” என்றார் ஞானப்பிரகாசம், நல்ல பிள்ளையாக.

லூர்தம்மாள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் நோராவின் முகம் வாடியது. “மன்னிச்சிருங்க. எங்க பிரிஜித் இவங்க இல்ல போல” என்று பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

ஞானப்பிரகாசத்துக்குப் பொறுக்கவில்லை.

“நில்லு தாயி! சிறுமலையில இருந்து எறங்குன புலியை, வெளக்குமாத்தாலயே அடிச்சு வத்தலக்குண்டு வரைக்கும் வெரட்டுனவ எங்க அப்பத்தா!”

லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டே அதையும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

நோரா ஓடிவந்து ஞானப்பிரகாசத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

“ஒரு புலிதானா? எங்க தாத்தா மூணுன்னு சொன்னாரே!”