றோஸ் நிறச் சொட்டு

குரோருட் புறநகரின் அடுக்குமாடிச் சமையலறையின் சன்னலில் பனிவெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது. மயூராவின் மடியில் கிடக்கும் கைக்குழந்தை நிலன் வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறான். றோஸ் நிற பி12 சொட்டு துளிக்குழாயின் நுனியில் நடுங்குகிறது. கணவனின் அக்கா வதனி, தான் கொண்டுவந்த, மீனை உதிர்த்து வறுத்த பால்சுறா வறையில் ஒரு கிள்ளு எடுத்து மயூராவின் வாயருகே நீட்டுகிறாள். “சாப்பிடும், பால் நல்லா ஊறும்.” “பால் காணும் மச்சாள், குறைவில்லை. நான் மீன், முட்டை, பால் ஒண்டும் தொடுறேல்ல. அதால என்ர பாலில பி12 காணாது. அதுக்குத்தான் இந்தச் சொட்டு. எத்தினை தரம் சொல்லுறது?” “நீர் இதைச் சாப்பிட்டால், பச்சைப் பிள்ளைக்கு ஏன் மருந்து?” “மருந்தில்லை, விற்றமின்!” குரல் உயர்ந்ததும் நிலன் வீரிட்டு அழுகிறான். திறந்த வாய்க்குள் சொட்டு விழுகிறது. அவன் அதை நாக்கால் தள்ளி உதட்டுக்குக் கொண்டுவருகிறான். “ஐயோ, பாவம்” என்று வதனி வறை கிள்ளிய அதே விரலால் துடைக்கிறாள். நிலன் அந்த விரலைக் கவ்விக்கொண்டு, அழுகையை மறந்து, சத்தம்போட்டுச் சூப்புகிறான். சொட்டு இறங்கிவிட்டது, சுறாவும்தான். வெறும் துளிக்குழாயைப் பிடித்தபடி மயூரா பல்லைக் கடிக்கிறாள். வதனியின் முகம் மலர்கிறது. “பாரும், பிள்ளைக்கு என்ன பசி!”