துடைத்த கை

வீடியோ என்பது நொடிக்குப் பல படங்களாக ஓடுவது; அவற்றில், மற்றப் படங்களை உருவாக்கத் தேவைப்படாதவற்றைக் காட்டாமல் தாண்டிப் போகும் வழி ஒன்றை ஹேமலதா கண்டுபிடித்திருந்தாள். பார்ப்பவருக்குக் குறை எதுவும் தெரியாது என்று அவள் சொன்னதை நம்பாமல் காப்புரிமையை மறுத்துவிட்டார்கள். இன்று மேல்முறையீட்டுக் குழுவின் முன் அதைத் திரையில் காட்டிவிட்டால் போதும். அவசரத்தில் கையில் அகப்பட்ட வீடியோவைத்தான் கொண்டுவந்திருந்தாள். மகனின் மூன்றாவது பிறந்தநாளுக்குக் கணவர் எடுத்தது.

முதலில் முழு வீடியோவும் ஓடியது. கேக் தின்ற குழந்தையின் கன்னத்தில் கிரீம் ஒட்டியிருந்தது. ஓரத்திலிருந்து ஒரு கை சட்டென்று வந்து அதைத் துடைத்துவிட்டுப் போனது. அந்த வீடியோவில் ஹேமலதா இருந்தது அந்தக் கை அளவுக்குத்தான்.

அடுத்து அவளுடைய முறையில் ஓடியது. கன்னத்தில் கிரீம் இருந்தது, பிறகு இல்லை. கை வரவே இல்லை. குழந்தை யாருமில்லாத ஓரத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா! எனக்கு வித்தியாசமே தெரியலை” என்றார் நடுவில் இருந்த உறுப்பினர்.

“பையன்தான் சரியான வாலு போல” என்றார் பக்கத்தில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

வக்கீல் ஜெயசீலன் குனிந்து, “மேடம், ஜெயிச்சாச்சு” என்று கிசுகிசுத்தார்.

“கடைசியா உங்களையே கேக்கறேன். ஏதாவது விட்டுப்போச்சாம்மா?” என்றார் நடுவில் இருந்தவர்.

இல்லை என்றால் முடிந்துவிடும். ஹேமலதா எழுந்து நின்றாள். வலது கையை இடது கையால் இறுகப் பற்றியிருந்தாள்.

“இன்னொரு தடவை ஓட விடலாமா சார்?”

வக்கீல் பதறிப்போய் அவளைப் பார்த்தார்.

“எதை மேடம்?”