முதுகில் காய்ந்த வெயில்

"பஸ் சைஸு மீனு, இந்திரா! எனக்கு மூணு தடவை குனிஞ்சு வணக்கம் வச்சுது!" என்கிறார் ஜெகநாதன். ஷாதிபூர் வீட்டு ஜன்னல் வழியே காலை வெயில் சாய்ந்து, மேசையில் விரித்த ஹேவ்லாக் தீவுக் கப்பல் நேரப் பட்டியலின்மேல் விழுகிறது. "எங்க, கனவிலயா? ஜூட் விடாதீங்க, எல்லாம் பொய்" என்று இந்திராணி சிரிக்கிறாள். ரிட்டயரான பிறகு இவர் விடும் கதைக்குச் சாத்தம் பாலமே ஆடும். முப்பத்துநாலு வருஷமாக, மெயின்லாண்டிலிருந்து தீவுக்கு வரும் சொந்தங்கள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் பவளப்பாறை பார்க்க, கரையில் செருப்புக்குக் காவல் நின்றவர்கள் இருவரும். முதன்முதலாகத் தண்ணீருக்குள் தலையை விடும்போது கைகோத்து ஒன்றாகத்தான் விடுவது என்று பேச்சு. அதற்காகவே பழைய நைட்டியை வெட்டித் தைத்த நீச்சல் உடுப்பின் கடைசி நூலை இப்போது பல்லால் கடிக்கிறாள். கீழே விழுந்த பேனாவை எடுக்க அவர் குனிகிறார். பனியன் மேலேறுகிறது. பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை கன்றிச் சிவந்து தோல் உரிந்து கிடக்கிறது. நாளெல்லாம் கடலில் குப்புற மிதந்து பவளப்பாறை பார்த்தவர்களுக்குத்தான் முதுகு இப்படி வேகும். அப்படித் திரும்பிய சொந்தங்களுக்கு அவள் தடவிய தேங்காயெண்ணெயில் ஒரு கப்பலே மிதக்கும். "போன வாரம் ரங்கத் போனது கல்யாணத்துக்குத்தானே?" பேனாவைத் தொட்ட கை அங்கேயே நிற்கிறது. மின்விசிறிக் காற்றில் பட்டியல் படபடக்கிறது. "சும்மா... உனக்கு வழி காட்டணுமேன்னு..." என்கிறார், நிமிராமலே. அவள் உடுப்பை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்கிறாள். "வணக்கம் வச்சிருக்கும்ங்க," என்கிறாள். "நிஜமாத்தான் நடந்திருக்கு."