துண்டில் செய்த அன்னங்கள்

கட்டிலின் நடுவில் இரண்டு அன்னங்கள் அலகோடு அலகு முட்டிக்கொண்டிருந்தன. வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டிச் செய்தவை. சுற்றிலும் செம்பருத்தி இதழ்கள்.

அந்தக் கடற்கரை விடுதியில் சாப்பாடு, படகு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். "சார் வரலையா மேடம்?" என்ற கேள்வியும் அடக்கம்போல. வரவேற்பில் கேட்டார்கள், சாப்பாட்டு மேசையில் கேட்டார்கள். இன்னும் ஒருவர் பாவம் பார்த்தால் பெட்டியைக் கட்டிவிடுவது என்றிருந்தாள் அமலோற்பவம்.

அறை சுத்தம் செய்யும் தவமணி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "மன்னிச்சுக்கங்க மேடம். ஜோடி ரூம்னு நெனச்சுட்டேன். ஒண்ண எடுத்துர்றேன்." குரல் சாவு வீட்டில் பேசுவதுபோல இறங்கியிருந்தது.

ஓர் அன்னம் அவள் கைக்குப் போனது. மற்றது வெறும் காற்றை முத்தமிட்டபடி நின்றது.

அமலோற்பவம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அத எதுக்குட்டி எடுக்க? ஒண்ணு தலைக்கு, ஒண்ணு ஒடம்புக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு வேணும்லா."

"அப்ப, பிரிக்கட்டுமா மேடம்?"

"நானே பிரிச்சுக்கிடுதேன்."

கழுத்தைப் பிடித்து ஒரு உதறு. அன்னம் மறுபடியும் வெறும் துண்டானது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதர்கள் நடப்பதுபோல, ஜோடிகள் ஒதுங்க ஒதுங்கப் பாதையின் நடுவிலேயே கடலை நோக்கி நடந்தாள்.