தெம்பு வேர்

"இந்தக் கடைய இன்னைக்கே இழுத்து மூட வைக்கிறேன்!"

புதுக்கோட்டைச் சந்தையில், செங்கமலத்தின் நாட்டு மருந்துக் கடை முன்னால் நின்று மரியசூசை கத்தினார். கல்லூரி விரிவுரையாளர். 1963-ஆம் வருஷத்திலும் வேரை நம்பி வாழ்கிற ஜனங்களைப் பார்த்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சுற்றி நின்ற பெண்களை, பரீட்சையில் கோட்டைவிட்ட மாணவர்களைப் பார்க்கும் அதே இளக்காரத்தோடு பார்த்தார்.

போன வாரம் அவர் வீட்டு அடுக்களையில் இந்தக் கடைப் பொட்டலம் அகப்பட்டது. "என் ஒடம்புத் தெம்புக்கு வாங்குனதுங்க" என்றாள் மனைவி அருள்ராணி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு. "வேர்ல தெம்பா, மட்டி!" என்று ஏசிவிட்டுப் பொட்டலத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! எலி ஈரலக் குடுவையில போட்டு இந்த வேர்ச் சாற விட்டேன். உயிரணு இழுக்கிற பிராணவாயு பாதியாக் கொறஞ்சுபோச்சு. சக்தி உண்டாகுறதே பாதி படுத்துருச்சு. தெம்பு மருந்தாம், தெம்பு மருந்து!"

அதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. செங்கமலம் முக்காலியை நகர்த்திப் போட, வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே இந்த அசதிதான். ஆராய்ச்சி என்றால் சும்மாவா என்று தமக்குத்தாமே பெருமைப்பட்டுக்கொண்டார்.

"தாசில்தாருக்கு மனு எழுதியாச்சு. நீ என்னம்மா சொல்றே?"

"நீங்க சொல்றது நெசந்தாங்க" என்றாள் செங்கமலம். "ஆவுடையார்கோவில் பக்கம் எங்க சனத்துக்கெல்லாம் தெரிஞ்ச சங்கதி. எம்புட்டுத் துள்ளுற ஆளும் இதக் குடிச்சா அடங்கிருவாங்க."

மரியசூசைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முக்காலியிலிருந்து எழுந்தார்.

"ஒத்துக்கிட்டா! எல்லாரும் சாட்சி! அடங்கிப்போறதுக்குக் காசு குடுத்து எந்த மடையன் வாங்கிக் குடிப்பான்?"

கூட்டத்தில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடிக்கிறவங்க வாங்க மாட்டாங்க சார். அவுக பொண்டாட்டிமாருதான் வாங்கிட்டுப் போயி, காப்பியில கலந்து குடுப்பாக."

"எதுக்கு?"

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டம்மாவ நீங்க கை நீட்டி அடிச்சு மூணு மாசமாச்சுல்ல சார்?"